ஜூன் ஒண்ணாம் தேதிக்காரி

எக்கா, இந்தப் பெட்டிய ஒரு நிமிசம் மடியில வச்சுக்கிடுதீங்களா? முந்தானை இந்த சீட்டுக் கம்பியில மாட்டிக்கிட்டு. சாய்ச்சிராதீங்க. நேரா, நேரா. உள்ள கேக்கு இருக்கு. ஆங், எடுத்துட்டேன். லேசாக் கிழிஞ்சுபோச்சு. போனாப் போவுது, சவம், யூனிபாரம் சேலைதான. இனிமே இதைக் கட்டப்போறனா என்ன.

குடுங்க, நானே வச்சுக்கிடுதேன்.

யாருக்குப் பொறந்தநாளுன்னா கேக்கீங்க? யாருக்கும் இல்ல. எங்க ஊருல ஒரு கொளம் இருக்கு. இதைக் கொண்டுபோயி அதுல வீசப்போறேன், கெளுத்தி மீனு திங்கட்டும். சிரிக்காதீங்கக்கா, நெசமாத்தான் சொல்லுதேன். நீங்க திசையன்விளைதான? நான் இட்டமொழியில இறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். எனக்குப் பொறாமையே கெடையாது. அடுத்தவ நல்லாருந்தா வயிறு எரியுற ஆளு நானில்ல. எங்கம்மா அப்படி வளக்கல.

நான் திருநெல்வேலியில ஒரு பெரிய ஜவுளிக்கடையில வேலைக்கு நிக்கேன். பேரு வேண்டாம். நீங்களும் அங்கதான் துணி எடுப்பீங்க. ரெண்டாவது மாடி, மேட்சிங் பிரிவு. சேலையக் கொண்டுவந்து நீட்டுவாங்கல்லா, அதுக்கு ஜாக்கெட் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் நாந்தான் எடுத்துக் குடுப்பேன். நாலு வருசம் ஆவுது. கலரு விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. ட்யூப்லைட்டுல அரக்கும் மெரூனும் ஒண்ணு போலத் தெரியும். நான் சன்னல் பக்கம் கொண்டுபோயி, சூரிய வெளிச்சத்துல வச்சு, ஒரு நூலு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிருவேன். 'வடிவு கண்ணுக்குத் தப்பாது'ன்னு கடையே சொல்லும்.

வடிவுன்னா முழுப் பேரு சுடலைவடிவு. எங்கப்பாவப் பெத்த ஆச்சி பேரு. வச்சுட்டாங்க, என்ன செய்ய.

என் கூட அதே கவுண்டர்ல நிக்கிறவதான் பெனிட்டா. நாசரேத்து பக்கம். ஆஸ்டல்லயும் பக்கத்துக் கட்டிலு. பெனி பெனின்னு கடையில எல்லாரும் உருகுவாங்க. கஸ்டமர் கூட, 'அந்த சிரிச்ச முகமா இருக்குமே, அந்தப் பொண்ணு எங்க'ன்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க. என்கிட்டயே! நான் என்ன அழுத முகமாவா நிக்கேன்? சரி, அதை விடுங்க. அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் நினைக்கல.

எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. வருசம் பூராவும் யூனிபாரம். பொறந்தநாளுக்கு மட்டும் கலர் சேலை கட்டிக்கிடலாம். ஸ்கூல்ல கலர் டிரஸ்ஸு போட்டுக்கிட்டு, மிட்டாய் டப்பாவத் தூக்கிட்டு வகுப்பு வகுப்பாப் போவாங்கல்லா, அந்த மாதிரி. காலையில பதினோரு மணிக்கு மைக்குல சொல்லுவாங்க. 'நமது நிறுவனத்தில் இன்னின்ன பிரிவில் பணியாற்றும் செல்வி இன்னார் அவர்களுக்கு இன்று பிறந்தநாள். அனைவரும் வாழ்த்துகிறோம்'னு. அஞ்சு மாடிக்கும் கேக்கும். சேலை பாத்துக்கிட்டு இருக்கிறவங்க கூட நிமிந்து பாப்பாங்க. அன்னிக்கு ஒரு நாளுதான் பேருக்கு முன்னால செல்வி வரும். மத்த நாளு 'மேட்சிங் வடிவு, பில் கவுண்டர் வா' அவ்வளவுதான். பொறவு தரைத்தளத்துல கேக்கு வெட்டு. மேனேஜர் சேர்மத்துரை சாரே கை தட்டுவாரு. அவரு சிரிக்கிறதே அந்த ஒரு நேரந்தான்.

இதெல்லாம் ஆதார் கார்டுல என்ன தேதி இருக்கோ அந்தத் தேதிக்குத்தான். என் கார்டுல என்ன இருக்கு? ஜூன் ஒண்ணு.

நீங்களும் ஜூன் ஒண்ணா! பாத்தீங்களா! அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்கூல்ல சேக்கும்போது எங்கம்மாகிட்ட எச்செம் கேட்டாரு, புள்ள என்னைக்குப் பொறந்துச்சுன்னு. எங்கம்மா பேச்சியம்மா பீடி சுத்துறவ, தேதிய எங்க கண்டா? 'அம்மன் கோயில் கொடை முடிஞ்சு எட்டாம் நாளு சார், செவ்வாக்கிழமை'ன்னு சொல்லியிருக்கா. அவரு என்ன எங்க ஊருக் கொடைத் திருவிழாவுக்கு வந்தவரா? ஸ்கூல் தொறக்கிற தேதியப் போட்டு எழுதிட்டாரு. எனக்கு மட்டுமில்ல, எங்க வகுப்புல பதினேழு பேருக்கு அதே தேதிதான். அந்த வருசம் கொடை ஆடியில நடந்துச்சா ஆவணியில நடந்துச்சான்னு கேட்டா, ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஜாதகமும் எழுதல. மூணாவதும் பொட்டப்பிள்ளையாப் போச்சுன்னு எங்கப்பா ரெண்டு நாளு வீட்டுக்கே வரலையாம். இதுல எங்க போயிப் பதிய, எங்க ஜாதகம் எழுத.

கடையில ஜூன் ஒண்ணுக்காரிக மொத்தம் பதினோரு பேரு. பதினோரு பேருக்கும் சேத்து ஒரே கேக்கு. ஒரு கத்தி, பதினோரு கை. என் கை கத்தியில படவே இல்ல, எனக்கு முன்னால நின்னவ முழங்கையத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மைக்குல என்ன சொன்னாங்க தெரியுமா? 'செல்வி அபிதா மற்றும் பத்துப் பேருக்கு இன்று பிறந்தநாள்.' நாலு வருசமா இதே கதைதான். நாலு வருசமும் நான் 'மற்றும்'லதான் இருக்கேன். அபிதாவுக்கு அ-வுல பேரு தொடங்குது, அவ குடுத்து வச்சவ.

பெனிக்கு அப்படி இல்ல. அவ ஆஸ்பத்திரியில பொறந்தவ. ஆகஸ்ட் ஒம்போது, காலையில ஆறு மணி, ரெண்டே முக்கால் கிலோ. எல்லாம் எழுதி வச்சிருக்காங்க அவ வீட்டுல. அந்தத் தேதியில கடையில வேற யாருமே கெடையாது. தனிக் கேக்கு, தனி மைக்கு. நான் அதுக்காக ஒண்ணும் வருத்தப்படல. நல்லா இருக்கட்டும்னுதான் நினைச்சேன். மயில்கழுத்துக் கலருல ஒரு சேலை எடுத்திருந்தா. அதுக்கு ஜாக்கெட் துணி நாந்தான் பாத்துக் குடுத்தேன்.

உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன. சரியான துணி மேல் தட்டுல இருந்துச்சு. நான் அதுக்குக் கீழ உள்ளத எடுத்துக் குடுத்தேன். ஒரு நூலு பச்சை கூடுதலு. வேணும்னு செய்யல, கைக்கு எட்டுனது அதுதான். எல்லாருக்கும் கொஞ்சம் குறை இருக்கட்டுமேக்கா, என்ன இப்ப. அன்னிக்குக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. எவளாவது 'ஜாக்கெட்டு சேரலையே'ன்னு சொல்லுவாளான்னு பாத்தேன். ஒருத்தி சொன்னா. அதுக்கு இவ என்ன சொல்லுதா, 'வடிவு பாத்துக் குடுத்தது, அவ கண்ணுக்குத் தப்பாது'ன்னு. என்னைப் பாத்துச் சிரிக்கா. தெரிஞ்சு சொன்னாளா தெரியாமச் சொன்னாளா, யாரு கண்டா. மொதத் துண்டு கேக்க என் வாயில ஊட்டுனா. எல்லாரும் பாக்கணும்லா, அதுக்குத்தான்.

அன்னிக்கு ஆஸ்டலுக்கு வந்து கால நீட்டிக்கிட்டு உக்காந்தவ, 'ஏட்டி வடிவு, ஜூன் ஒண்ணு நெசமாவே உன் பொறந்தநாளா?'ன்னு கேட்டா. எப்படி இருக்கும் எனக்கு? சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, பட்டினிக்காரிகிட்ட 'பசிக்கா'ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. 'கொடை முடிஞ்சு எட்டாம் நாளு பொறந்தேன், போதுமா'ன்னு சொல்லிட்டுப் போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்.

அதுக்குப் பொறவுதான் அவ குணம் மாறுச்சு.

என்னக் கண்டா போனக் கட் பண்ணுதா. கடைக்குள்ள போனு கொண்டுவரக் கூடாது, பெட்டியில வச்சுப் பூட்டணும். இவ இடுப்புல சொருகி வச்சுக்கிட்டு, குடோன் படிக்கட்டுல நின்னு குசுகுசுன்னு பேசுதா. ஒரு நாளு ஃபால்ஸு கட்டு எடுக்கப் போற மாதிரிப் போயி நின்னேன். 'சரிம்மா, கொடை எந்த மாசம்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்கம்மா'ன்னு சொல்லுதா. சர்ச்சுக்குப் போறவளுக்குக் கொடையப் பத்தி என்ன கவலை? அம்மான்னு யாரச் சொல்லுதா? அன்னிக்கு எங்க வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கம்மா சாதாரணமாச் சொல்லுதா, 'பெனிப் பிள்ளை இப்பத்தான் பேசிட்டு வச்சுது'ன்னு.

எப்படி இருக்குங்கீங்க? எங்கம்மா என்கிட்ட பேசினா ரெண்டு நிமிசம். 'சாப்ட்டியா, உடம்பப் பாத்துக்கோ, பீடிக் கட்டு முடிக்கணும் வைக்கட்டா.' அவகிட்ட மட்டும் இருபது நிமிசம் பேச எங்கிருந்து வருது? என்ன பேசினீங்கன்னு கேட்டா, 'ஒனக்கு எதுக்கு அது'ங்கா.

இதாவது போகட்டும். போன மாசம் அவளுக்கு வார லீவு. நாசரேத்துக்குப் போறேன்னு கிளம்பிப் போனா. மறுநாளு எங்கம்மா வாய் தவறிச் சொல்லிட்டா, 'பெனிக்கு நம்ம வீட்டுக் கருவாட்டுக் குழம்பு பிடிச்சுப்போச்சு'ன்னு. எங்க வீட்டுக்கே போயிருக்காக்கா! நான் இல்லாத நேரம் பாத்து! எங்கம்மா எனக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சு எட்டு மாசம் ஆச்சு. எதுக்கு வந்தான்னு கேட்டா மழுப்புதா. எங்க சித்திதான் சொன்னா, ரெண்டு பேருமா சேந்து பழைய நர்சம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்கன்னு. அந்த நர்சம்மா ரிட்டையர் ஆகிப் பத்து வருசம் ஆவுது. அங்க இவளுக்கு என்ன ஜோலி? எங்க குடும்பத்துல சீக்கு ஏதும் இருக்கான்னு விசாரிச்சுக் கடையில பரப்பப் போறாளோ என்னமோ. கடையில எல்லாரையும் எடுத்துக்கிட்டா, மைக்க எடுத்துக்கிட்டா, கடைசியில எங்கம்மாவையும் எடுத்துக்கிட்டா. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துட்டுக்கா. பொறாமையால இல்ல, வேதனையால.

மறுநாளு சேர்மத்துரை சாருகிட்ட போயி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். 'சார், குடோன் படிக்கட்டுல ஒரு ஆளு போன் பேசுது'ன்னு. பேரு கூடச் சொல்லல. போயிப் பாத்து அவரே பிடிச்சுக்கிட்டாரு.

போன வாங்கி வச்சுட்டாரு. அவளை மேட்சிங்ல இருந்து எடுத்து வாசல்ல நிப்பாட்டிட்டாரு. வாசல்ல நிக்கிறதுன்னா உங்களுக்குத் தெரியும்லா. கண்ணாடிக் கதவு பக்கத்துல, காலையில பத்து மணியில இருந்து ராத்திரி ஒம்போது வரைக்கும், வாற ஒவ்வொருத்தருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு 'வாங்க, வணக்கம்'. நாயி தவிர எல்லாருக்கும் சொல்லணும். ஒரு மாசத்துக்கு அதுதான் தண்டனை. சாயங்காலம் ஆனா காலு யானைக்காலா வீங்கிப் போவுது. ஆஸ்டல்ல வந்து பக்கெட்டு வெந்நியில கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னைப் பாத்து, 'யாரோ சார்கிட்ட சொல்லிட்டாங்கட்டி'ன்னா. நான் துவைச்ச துணிய மடிச்சுக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தா. அப்புறம் 'சாப்ட்டியா?'ன்னு கேக்கா. நடிப்பு. வேற என்ன?

எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெந்நிய நாந்தான் கொண்டுபோயிக் கொட்டுனேன்.

இப்ப இன்னைக்குக் கதைக்கு வாரேன். நேத்து சாயங்காலம் இவ சாரோட ரூமுல நிக்கா. கண்ணாடி ரூமு, வெளிய இருந்து தெரியும். கையில ஒரு பேப்பரு. நீட்டுதா, கெஞ்சுதா, கண்ணத் துடைக்கா. சார் முதல்ல தலைய ஆட்டுனாரு, மாட்டேன் மாட்டேன்னு. அப்புறம் அந்தப் பேப்பர வாங்கிப் படிச்சாரு. படிச்சுட்டு நிமிந்து கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு. போட்டுக் குடுத்தது நாந்தான்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நமக்கு இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சா, என் கட்டிலு மேல அவ மயில்கழுத்துச் சேலை. தேய்ச்சு மடிச்சு வச்சிருக்கா. 'ஏட்டி, இன்னைக்கு இதைக் கட்டிக்கிட்டு வா, சாருகிட்ட நான் சொல்லிட்டேன்'ங்கா. நான் என்ன பச்சப் பிள்ளையா? யூனிபாரம் இல்லாம நான் போவேனாம், சார் பிடிச்சு என்னையும் வாசல்ல நிப்பாட்டுவாராம், இவ பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்பாளாம். 'ஒன் பழைய சேலைய நான் கட்டணும்னு எனக்கு என்ன தலையெழுத்து'ன்னு கேட்டுட்டு யூனிபாரத்தையே கட்டிக்கிட்டுப் போனேன். முகம் சுண்டிப் போச்சு அவளுக்கு. சுண்டட்டும்.

பத்தரைக்கு டீ குடிக்கப் போனேன். சாப்பாட்டு ரூமுல டிபன் அடுக்குற தட்டு இருக்கும். அதுக்கு மேல தினத்தாளப் போட்டு மூடி இந்தப் பெட்டி. பக்கத்துல இருந்தவகிட்ட 'யாருது'ன்னு கேட்டேன். 'பெனி கொண்டுவந்து வச்சா'ன்னா. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

ஆகஸ்ட் ஒம்போதுக்கு ஒரு கேக்கு வெட்டியாச்சு. இன்னும் ஒரு மாசம் கூட ஆகல, அதுக்குள்ள இன்னொண்ணு. எனக்கு ஒண்ணு கூட இல்ல, அவளுக்கு மட்டும் வருசத்துக்கு எத்தனை? வாசல்ல நின்னாலும் கேக்கு வருது அவளுக்கு. எல்லாரும் வெளிய போற வரைக்கும் டீய ஆத்திக்கிட்டு நின்னேன். பெட்டியத் தூக்குனேன். பின்வாசல் படி வழியா இறங்குனேன்.

இறங்கிக்கிட்டு இருக்கும்போதே மைக்கு சத்தம் கேட்டுச்சு. 'நமது நிறுவனத்தில் மேட்சிங் பிரிவில் பணியாற்றும் செல்வி சுடலைவடிவு'ன்னு. அவ்வளவுதான் எனக்குக் காதுல விழுந்துச்சு. கேக்கு திருட்டு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு, பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்கன்னு ஒரே ஓட்டம். பூட்டி வச்ச போனக் கூட எடுக்கல. பின்வாசல்ல செக்யூரிட்டி அண்ணாச்சி இருக்காரு, பையத் தடவிப் பாக்காம ஈ எறும்பக் கூட வெளிய விடமாட்டாரு. செத்தோம்னு நினைச்சேன். அவரு பெட்டியப் பாத்துட்டு, 'என்ன தாயி, ஒன் கேக்க நீயே தூக்கிட்டுப் போற? நல்லா இரு'ன்னு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாரு. எகத்தாளத்தப் பாத்தீங்களா? எனக்கு ஒரு கேக்கு வராதுன்னு செக்யூரிட்டி வரைக்கும் தெரிஞ்சிருக்கு.

நேரா ஆட்டோ, நேரா பஸ்ஸு. இனி அந்தக் கடைப் பக்கமே போகமாட்டேன். எங்கம்மா கூட உக்காந்து பீடி சுத்துவேன். நாலு வருச வேலை போச்சேன்னு இருக்கத்தான் செய்யுது. ஆனா அவ முகத்துல இனி முழிக்க முடியாதுக்கா. தப்பு யாரு மேலன்னு இப்பச் சொல்லுங்க.

என்ன, பெட்டியவே பாக்கீங்க?

ஐயோ! ஏ டிரைவர் அண்ணாச்சி, பாத்து ஓட்டக்கூடாதா! ஆட்டுக்குட்டி குறுக்க வந்தா இப்படியா பிரேக்கு போடுவாங்க! எக்கா, உங்களுக்கு அடி படலையே? பெட்டி கம்பியில இடிச்சிட்டு. ஒரு மூலை நசுங்கியே போச்சு. வழியுதா பாருங்க, கீழ வழியுதா?

தொறந்து பாக்கவா? நான் இன்னும் தொறக்கலக்கா. தொறந்தா பெனிட்டான்னு அவ பேரு இருக்கும். அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. கொளத்துல வீசுறதுக்கு எதுக்குப் பாக்கணும்? சரி, நீங்க தொறங்க. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன். உடைஞ்சிருக்கான்னு மட்டும் சொல்லுங்க.

என்னக்கா?

எதுக்கு மறுபடியும் என் பேரக் கேக்கீங்க? சுடலைவடிவுன்னுதான சொன்னேன்.

குடுங்க இங்க.

...

மூடியில ஏதோ கவரு ஒட்டியிருக்கு. ஜெராக்ஸு. நீங்களே படிங்கக்கா, எனக்குக் கண்ணு தெரியல. நோட்டுப் பேப்பரா? நர்சம்மா கையெழுத்தா? 'பேச்சியம்மாள், மூன்றாவது பிரசவம், வீட்டில். பெண். செப்டம்பர் நாலு, செவ்வாய். காலை பதினொன்று பத்து. எடை இரண்டு எழுநூறு. தாயும் சேயும் நலம்.'

தாயும் சேயும் நலமாமேக்கா. அப்படியா எழுதியிருக்கு? இன்னொரு தடவை படிங்க.

இன்னைக்கு என்ன தேதி?

அந்தப் பேப்பருதான் நேத்து சாருகிட்ட காட்டுனது. கெஞ்சுனது. ஆதார்ல இல்லாத தேதிக்கு மைக்குல சொல்ல மாட்டேன்னு அவரு தலைய ஆட்டியிருப்பாரு. எங்க ஊருக்கு நாலு கிலோமீட்டர் வெயில்ல நடந்து போயிருக்கா, பஸ்ஸு கெடையாதுல்லா உள்ள. எங்கம்மாவ இழுத்துக்கிட்டு நர்சம்மா வீட்டுல போயிப் பழைய நோட்டுகளப் புரட்டியிருக்கா. போன் பேசுனதும் இதுக்குத்தான். அதுக்குத்தான் நான் போட்டுக் குடுத்தேன். அதுக்குத்தான் அவ காலு வீங்கிக்கிட்டு நிக்கா. நான் போட்டுக் குடுத்தது அவளுக்குத் தெரியும்கா. தெரிஞ்சுதான் சாப்ட்டியான்னு கேட்டா.

பாருங்க, இதுலயும் என்னை முந்திட்டா. நல்லவங்கிற பேரையும் அவளே எடுத்துக்கிட்டா. எனக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்க மாட்டாளாக்கா? நான் சேலைக்குத் துணி மாத்திக் குடுத்தேன், அவ எனக்குத் தேதி தேடிக் குடுக்கா. இவள மாதிரி நான் ஏங்கா பொறக்கல? எனக்கு வயிறு எரியுது. ஆமா, பொறாமைதான். இப்பச் சொல்லுதேன், பொறாமைதான். நாலு வருசமாப் பொறாமைதான்.

எக்கா... மைக்குல 'செல்வி'ன்னு சொன்னாங்கல்லா. திட்டுறதுக்குக் கூப்பிட்டா செல்வி போட மாட்டாங்கல்லா. நாலு வருசம் அந்த ஒரு வார்த்தைக்குக் காதத் தீட்டிக்கிட்டு நின்னுட்டு, வந்தப்ப படியில இறங்கி ஓடிட்டேன். 'சுடலைவடிவு அவர்களுக்கு இன்று'ன்னு வரும்போது நான் பின்வாசலத் தாண்டிட்டேன். கீழ எல்லாரும் கூடியிருப்பாங்க. பொறந்தநாளுக்காரியும் இல்ல, கேக்கும் இல்ல. சார் அவளத்தான் திட்டியிருப்பாரு.

அண்ணாச்சி! கண்டக்டர் அண்ணாச்சி! எந்த ஊரு வருது? மூலைக்கரைப்பட்டியா? நிறுத்துங்க, நான் இறங்கணும். இட்டமொழிக்கு டிக்கெட் எடுத்தா என்ன, இறங்கக் கூடாதா? எதிர்ப் பக்கம் திருநெல்வேலி பஸ்ஸு நிக்கும்லா?

எக்கா, பெட்டிய மூடிக் குடுங்க. ஒரு மூலைதான நசுங்கியிருக்கு, பேரு நல்லாத்தான இருக்கு? நீங்க ஒரு வாய்... வேண்டாம், தப்பா நினைக்காதீங்க. மொதத் துண்டு அவளுக்கு.

பின்வாசல் வழியாப் போகமாட்டேன்கா. முன்வாசல் வழியாத்தான் போவேன். கஸ்டமர் மாதிரி. அங்க அவதான நிப்பா. கதவத் தொறந்து, கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கும் 'வாங்க, வணக்கம்' சொல்லித்தான ஆகணும், அது அவ வேலைல்லா. அந்த வேலைய வாங்கிக் குடுத்தவளே நாந்தான். சொல்லிட்டு நிமிந்து என் முகத்தப் பாப்பா.

அதுக்குப் பொறவும் சாப்ட்டியான்னு கேப்பாளாக்கா?